முட்டுக் கொடுக்கும் முன்

செங்கோட்டை,
ஆனி 20.

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க இலஞ்சி முருகனை வேண்டிக்கொள்கிறோம். இங்கே சாரல் தொடங்கிவிட்டது. துணி காய மூன்று நாள் ஆகிறது.

நீ அனுப்பின பன்னிரண்டு படத்தையும் அம்மாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், பாதி மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். இந்தத் தாள்களை அம்மா படம் எடுத்து அனுப்புவாள். வேலை முடியும்வரை பக்கத்தில் வைத்துக்கொள்.

வண்டி எனக்குப் பிடித்திருக்கிறது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு, அதற்குள் அடுப்பு, கட்டில், அலமாரி. கட்டிலுக்கு அடியில் இழுப்பறை வைத்தவன் நல்ல தச்சன். ஆனால் ஆறாவது படத்தில், கூரை நடுவே ஏசி உட்கார்ந்திருக்கிற இடத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பத்தாவது படத்தில் அதற்கு நேர் கீழே சீலிங் தொப்பை விட்டிருக்கிறது. மேலே ஒரு கோட் அடித்து, உள்ளே புதுப் பலகை ஒட்டிவிட்டால் இந்த வருஷம் ஓட்டிவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்வதாகச் சொன்னாய். வேண்டாம் பாப்பா. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதே வேலையை நான் செய்திருக்கிறேன், உன் தலைக்கு மேலேயே செய்திருக்கிறேன். இத்தனை வருஷம் உன்னிடம் சொன்னதில்லை.

நீ பிளஸ் டூ படிக்கும்போது உன் கட்டிலைப் பின் அறையிலிருந்து தூக்கி நடு அறையில் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? படிக்க வெளிச்சம் நன்றாக இருக்கும் என்றேன். வெளிச்சத்துக்காக இல்லை.

நம் வீடு உன் பூட்டன் கட்டியது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி ஊர் இந்தப் பக்கம் சேர்ந்தது. வீட்டு மரம் முழுக்க மலைக்கு அந்தப் பக்கத்து ஆஞ்சிலி. லேசில் கெடாத மரம் என்கிற தைரியத்தில் நான் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. நீ பிளஸ் ஒன் படித்த வருஷம் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். பின் அறையில் ஓட்டைத் தாங்குகிற கைமரம் இரண்டு தொய்ந்து, சுவரில் கறை இறங்கியிருந்தது. வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று தெர்மாகோல் வைத்து ஃபால்ஸ் சீலிங் அடித்தேன். மேலே ஏறி, ஓட்டு இடுக்குகளில் தார் பூசினேன். புளியரையிலிருந்து புனலூர் வரைக்கும் எத்தனையோ வீட்டுக் கூரையைப் பிரித்துப் பார்த்துத்தான் விலை சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் மட்டும் மூடிவைத்தேன்.

மறு வருஷம் ஆனி, ஆடி இரண்டு மாதமும் சாரல் விடவில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்றுதான் நமக்குக் குற்றாலத்தில் தண்ணீர் விழ வைக்கிறது. மரத்தைக் காயவிடாமல் வைத்திருப்பதும் அதுதான். முதலில் காட்டிக்கொடுத்தது கதவு. பின் அறைக் கதவு மேல்நிலையில் உரசியது. "ஈரத்தில் உப்பியிருக்கும், சீவி விடுங்க" என்றாள் அம்மா. சீவினேன். பத்தே நாளில் மறுபடியும் உரசியது. அப்போதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. கதவு உப்பவில்லை, நிலை இறங்கிக்கொண்டிருக்கிறது.

நீ பள்ளிக்கூடம் போன பிறகு சீலிங்கைப் பிரித்தேன். உத்திரம் சுவருக்குள் போகிற முனையில் திருப்புளியை வைத்து அமுக்கினேன். கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. காப்பியில் நனைத்த ரஸ்கில் குத்தின மாதிரி, சத்தமே இல்லை. வெளியே இழுத்தால் நுனியில் கறுப்பாக ஈரத்தூள், காளான் வாசம். அதே உத்திரத்தின் முகப்பு வார்னிஷ் போட்டபடி பளபளவென்று இருந்தது. ஓடு உடைந்திருந்த இடம் அதற்கு நேர் மேலே இல்லை, ஏழடி தள்ளி மோட்டுப் பக்கத்தில். தண்ணீர் கைமரத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே வழிந்து வந்து இங்கே சுவரில் இறங்கியிருக்கிறது. நான் தார் பூசியதெல்லாம் வேறு இடம்.

உன் கட்டிலின் தலைமாடு அந்த உத்திரத்துக்கு நேர் கீழே இருந்தது. அன்று சாயங்காலம் நீ வருவதற்குள் கட்டிலை மாற்றினேன். அதன் பிறகு பல நாள் தூக்கம் இல்லை.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் மேலே ரப்பர் ஷீட், அதன் கீழே மெல்லிய பிளைவுட், அதன் கீழே கைமரம். புனலூர்ப் பக்கம் கழுக்கோல் என்பார்கள். வீட்டுக் கைமரத்தோடு ஒப்பிட்டால் அது குச்சி. அதன் மேல்தான் 14 இஞ்சுக்கு 14 இஞ்சு ஓட்டை போட்டு, 40 கிலோவுக்கு மேல் கனமுள்ள ஏசியை வைத்திருக்கிறார்கள். கூரை கொஞ்சம் இறங்கினால் தண்ணீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் நின்றாலே 10 லிட்டர், 10 கிலோ. அந்தக் கனத்தில் இன்னும் இறங்கும், இன்னும் தேங்கும். உங்கள் ஊரில் பனி வேறு. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும் என்று பத்தாம் வகுப்பில் நீதான் எனக்குப் படித்துக் காட்டினாய். ஓர இடுக்கில் புகுந்த தண்ணீர் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அந்த இடுக்கை அகலப்படுத்தியிருக்கும்.

ஆகையால் மேலே பூசுவதற்கு முன் உள்ளே பிரி. அதற்கும் முன்னால் கரண்ட் வயரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிடு. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வை. சீலிங் பலகையை இறக்கும்போது பூஞ்சணம் கொட்டும், முகத்துக்கு மாஸ்க் வேண்டும், பேரன் பக்கத்தில் நிற்கக்கூடாது. பிறகு கைமரம் ஒவ்வொன்றிலும் சாண் சாணாகத் திருப்புளியை வைத்துக் குத்து. கறை இருக்கிற இடத்தோடு நிறுத்தாதே. கெட்டியான மரம் தட்டுப்படும்வரை போய், அங்கிருந்து இன்னும் ஒரு சாண் தள்ளி அடையாளம் போடு. ஏசி, காற்றுப்போக்கி, நாலு ஓரம், இந்த இடங்களில்தான் தண்ணீர் பெரும்பாலும் நுழைந்திருக்கும்.

ஏசியை இறக்கிவிட்டுத்தான் தொய்ந்த கூரையைத் தூக்க ஆரம்பிக்க வேண்டும். மேலே ஏறினால் கூரையில் நேராகக் காலை எங்கேயும் ஊன்றாதே. பெரிய பிளைவுட் பலகை விரித்து அதன்மேல் தவழ்ந்து போ.

தூக்குவதுதான் முக்கியம். நம் உத்திரத்துக்கு இரவல் வாங்கின லாரி ஜாக்கியை வைத்து, மேலே தடிப் பலகை கொடுத்து, ஒரு நாளைக்குக் கால் இஞ்சுதான் ஏற்றினேன். ஏழு நாள் ஆனது. மூன்றாம் நாள் ஒரு பம்ப் கூடுதலாக அடித்தேன், கைமரம் ஒன்று படாரென்று விரிசல் விட்டது. வருஷக்கணக்காக வளைந்த மரம் ஒரே நாளில் நிமிராது. உன்னுடையது லேசான மரம் என்பதால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடலாம். ஆனாலும் கிறீச்சென்று சத்தம் கேட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்து. ஆங்கில டி எழுத்து மாதிரி முட்டு செய்து, மேல் கட்டை இரண்டு மூன்று கைமரத்தைச் சேர்த்துத் தாங்கும்படி வை. வண்டியின் தரை மெல்லிசு, முட்டுக் கட்டையை நேராகத் தரையில் நிறுத்தினால் கூரை ஏறாது, தரைதான் இறங்கும். அடியில் நீளப் பலகை போடு. வண்டிக்குக் கீழேயும் இரும்புச் சட்டத்துக்குத் தாங்கல் கொடு.

நிமிர்ந்த பிறகு ஃபேன் வைத்து நன்றாகக் காயவிடு. உளுத்ததை வெட்டி எடு. தொய்ந்த ஒவ்வொரு கைமரத்துக்கும் பக்கத்தில் புதுக்கட்டை ஒட்டிப் போடு, பசை தடவி ஸ்குரூ முடுக்கு. ஆணி வேண்டாம். ஓடுகிற வண்டியின் அதிர்வில் ஆணி கழன்றுவிடும். ஏசி ஓட்டையைச் சுற்றி நாலு பக்கமும் சட்டம் கட்டி, அந்தக் கனம் பக்கத்துக் கைமரங்களுக்குப் போகும்படி செய். கூரையை மட்டமாக விட்டுவிடாதே. நடு முதுகு கொஞ்சம் தூக்கலாக, இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடும்படி, கைமரத்தின் மேல் சரிவாகச் சீவின பட்டைகளை வைத்துப் பிளைவுட் அடி.

ரப்பர் ஷீட் விஷயம் நான் கை வைக்காத வேலை. இங்கே ஃபேக்டரி ஷெட் கூரைகளுக்கு அதைப் போடுகிற ஒருவரிடம் போய்க் கேட்டேன். ஈபிடிஎம் என்கிற கூரை ரப்பரில் சிலிக்கோன் பசை சரியாகப் பிடிக்காது, பிறகு அதன்மேல் வேறு பசையும் ஒட்டாது என்றார். அந்த ரப்பருக்கென்றே விற்கிற, இடுக்கை அடைக்கிற சீலன்ட்டை வாங்கு. பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைக்காதே. திரும்ப மாட்டுகிற ஒவ்வொரு சட்டத்துக்கும் அடியில் பியூட்டைல் டேப் என்கிற ஒட்டும் ரப்பர் பட்டை, மேலே சீலன்ட். இதில் சந்தேகம் வந்தால் அங்கே தெரிந்தவரிடம் கேட்டுச் செய்.

மழை வந்தால் மூட நல்ல தார்ப்பாய் கையோடு இருக்கட்டும். செலவு கூடும் என்று மாப்பிள்ளை தயங்கினால் இந்தக் கடிதத்தை அவரிடமே கொடு. உத்திர முனையில் திருப்புளி போனதைப் பற்றி எழுதியிருக்கிறேனே, அதை அவர் படிக்க வேண்டும். என் கை அங்கே வந்து முட்டுக் கட்டையைப் பிடிக்க முடியாது. அவர் கைதான் பிடிக்கணும்.

எதையும் பிரிப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வண்டிக்கு உள்ளே, சீலிங்குக்குக் கீழே, ஏசிக்குப் பக்கத்தில், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நூலை விறைப்பாகக் கட்டு. ஓரத்தில் நூலுக்கும் சீலிங்குக்கும் எவ்வளவு இடைவெளி, நடுவில் எவ்வளவு என்று டேப் வைத்து அள. உங்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி 8 மணி, எங்களுக்கு ஞாயிறு காலை 5.30. நான் எழுந்து உட்கார்ந்திருப்பேன். வீடியோவில் கூப்பிட்டு முதலில் அந்த நூலைக் காட்டு.

அன்புடன்,
அப்பா