தை பிறந்தும் பள்ளியில் இருந்த பிள்ளைகளுக்காக ஒரு நன்றி மடல்

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும், மகளிர் குழு அக்காக்களுக்கும், இருளர் குடியிருப்பு அம்மா அப்பாக்களுக்கும், வெளியூரில் இருந்தாலும் ஊரை மறக்காத தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பொங்கல் முடிந்த பிறகும் இருளர் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வகுப்பில் இருந்தார்கள். திண்டிவனம், மரக்காணம் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும். தை பிறந்தால் செங்கல் சூளைக்கு ஆள் ஏற்றிப்போக லாரி வரும். பாத்திரம் பண்டம், கோழி, நாய், பிள்ளைகள் எல்லாம் அதில் ஏறும். திருவள்ளூர், செங்கல்பட்டு, புதுச்சேரி என்று எங்கெங்கோ போய், மழை தொடங்கிக் கல் அறுப்பு நின்ற பிறகுதான் குடும்பம் ஊர் திரும்பும். அதற்குள் இங்கே ஆண்டுத் தேர்வு முடிந்திருக்கும், கோடை விடுமுறையும் போயிருக்கும். எழுத்தெல்லாம் மறந்த பிள்ளை அடுத்த வகுப்பில் கடைசி வரிசையில் ஒண்டி உட்காரும். இரண்டு முறை இப்படிப் போய் வந்த பிள்ளை மூன்றாம் முறை பள்ளிப் பக்கமே வராது.

இந்த முறை அப்படி ஆகவில்லை. அதற்கு நீங்கள்தான் காரணம். தனித்தனியே வீட்டுக்கு வந்து கைகூப்பியதோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. யார் யார் என்னென்ன செய்தீர்கள் என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டும். பேர் போட வேண்டாம் என்று பலர் சொல்லிவிட்டதால் பேர் சொல்லாமலே எழுதுகிறேன்.

முதலில் மளிகைக் கடை அண்ணனுக்கு. சூளைக்குப் போகிற தாய்மாரிடம் பிள்ளையை ஏன் கூட்டிப்போகிறாய் என்று கேட்டால், "வுட்டுட்டுப் போனா ஆரு சோறு போடுவா டீச்சர்?" என்பார்கள். அது உண்மைதான். ஆனால் சிக்கல் தையில் தொடங்குவதில்லை, ஐப்பசியில் தொடங்குகிறது. அடைமழையில் ஏரி நிரம்பிவிடும், வயலில் இறங்க முடியாது, விறகு வெட்ட முடியாது, கரி மூட்டம் போட முடியாது. கையில் காசு இல்லாத அந்த நாட்களில்தான் சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி வந்து வீட்டுக்கு வீடு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவார். அது பருப்புக்கும் எண்ணெய்க்கும் காய்ச்சல் மருந்துக்கும் கரைந்துவிடும். அப்புறம் கடனைக் கழிக்க லாரி ஏறித்தான் ஆக வேண்டும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து விடிகாலையிலேயே மண் குழைத்து அச்சில் அடித்தாலும் போதாது. பச்சைக் கல்லைப் புரட்டி வெயில் காட்ட இரண்டு சின்னக் கை இருந்தால் கணக்குக் கொஞ்சம் கூடும். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று 2016-ல் சட்டத்தை இறுக்கியும் ஆயிற்று. இருந்தும் மழைக்கால அட்வான்ஸ் இருக்கிறவரை பிள்ளை லாரியில் ஏறத்தான் செய்யும்.

ரேஷனில் அரிசி இலவசம்தானே என்று சிலர் கேட்டார்கள். அரிசி மட்டும் வெந்தால் போதுமா? குடும்ப அட்டையே இல்லாத வீடுகளும் அங்கே இருக்கின்றன. மளிகைக் கடை அண்ணன் இதைக் கேட்டுவிட்டு அதிகம் பேசவில்லை. ஒரு தனி நோட்டுப் போட்டார். ஐப்பசி கார்த்திகையில் குடியிருப்பில் யார் வந்து பருப்பு, மிளகாய், எண்ணெய், சோப்பு கேட்டாலும் கொடுப்பது, வயலில் அறுப்பு வேலை தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாய்த் திருப்பி வாங்கிக்கொள்வது, வட்டி இல்லை. மகளிர் குழு அக்காக்கள் தங்கள் குழுச் சேமிப்பிலிருந்து மருத்துவச் செலவுக்கென்று கடன் கொடுத்தார்கள், அதுவும் குழுவில் இல்லாத பெண்களுக்கு. திரும்பி வருமா என்று கேட்டவர்கள் உண்டு. இன்று அந்த இருளர் பெண்கள் தனிக் குழுவே தொடங்கி வாரம் தவறாமல் சேமிக்கிறார்கள். இதன் பலனாகச் சில வீடுகள் இந்த முறை மேஸ்திரியிடம் கை நீட்டவே இல்லை. பிள்ளைகளின் வறுமையைப் போக்க நோட்டும் பேனாவும் வாங்கித் தருபவர்கள் பலர். அதுவும் வேண்டும்தான். ஆனால் ஐப்பசியில் கொடுத்த ஒரு கிலோ பருப்பு ஒரு பிள்ளையை அரை ஆண்டு பள்ளியில் நிறுத்தியதை நான் கண்ணால் பார்த்தேன்.

அட்வான்ஸ் வாங்கியே தீர வேண்டியிருந்த வீடுகளும் இருந்தன. அங்கே தாய் தகப்பன் மட்டும் போனார்கள், பிள்ளைகள் பாட்டிமாரோடு தங்கினார்கள்.

சோற்றுக் கவலையில் பாதியைப் பள்ளியே தீர்த்துவிடும். இந்த விஷயத்தில் நம் மண்ணுக்கு நூறாண்டு அனுபவம். 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது, 1956-ல் காமராசர் காலத்தில் ஊர்ப்புறப் பள்ளிகளுக்கு மதிய உணவாக வந்தது, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. காமராசர் கால மதிய உணவுக்கு முதலில் பல ஊர்களில் உலை கொதித்தது ஊர்மக்கள் கொடுத்த அரிசியிலும் பணத்திலும்தான். பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தியபோது பெஞ்சும் கடிகாரமும் சீருடையும் ஊர்க்காரர்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தக் கைகளின் தொடர்ச்சியாகவே உங்களை நான் பார்க்கிறேன். ஏனென்றால் காலையில் பொங்கலும் மதியம் முட்டையோடு சோறும் பள்ளி நாளில்தான் கிடைக்கும். ராத்திரிக்கும் சனி ஞாயிறுக்கும் மே மாதத்துக்கும் யார் போடுவது?

நீங்கள் போட்டீர்கள். சமுதாயக் கூடத்தில் ராத்திரிச் சாப்பாடு என்று முடிவானதும் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டீர்கள். இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். அந்தக் கூடத்தில் இருளர் குடியிருப்புப் பிள்ளைகள் இதற்கு முன் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. முதல் நாள் அவர்கள் படியருகே ஒதுங்கித்தான் நின்றார்கள். அன்றைக்கு முறைக்காரர் வீட்டுப் பெரியம்மா தன் பேரன் பேத்தியை நடுவே உட்காரவைத்து, மற்ற பிள்ளைகளையும் கையைப் பிடித்து அழைத்துவந்து அவர்களுக்கு நடுவே உட்காரவைத்தார். அப்புறம்தான் இலை போட்டார். சாம்பார் வாளியோடு அவரே வரிசையாக வந்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கடா கண்ணு" என்று எல்லோரிடமும் ஒரே குரலில் கேட்டார். அதற்குப் பிறகு யாரும் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைக்கவில்லை. பெரியம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்!

சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் பாடம் எடுத்த ஓய்வுபெற்ற ஐயாவுக்கும் ஊர் கடமைப்பட்டிருக்கிறது. நான்காம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான், இரண்டு பருவம் சூளையில் கழித்தவன். முதலில் அவனுக்கு 'நான்' என்றுகூட எழுத வராது. ஆனால் ஒரு வாரத்தில் அப்பா அம்மா அறுத்த கல் எத்தனை, மழையில் கரைந்தது எத்தனை, உடைந்தது எத்தனை, கழித்துப்போக எத்தனைக்குக் கூலி வர வேண்டும் என்று விரலைக்கூட மடக்காமல் சொல்வான். அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் வீட்டில் கணக்குப்பிள்ளை அவன்தான். ஐயா இதைக் கண்டுபிடித்தார். கல் கணக்கையே தரையில் எழுதச் சொல்லி எண்ணைப் பழக்கினார், அப்புறம் கல், மண், அச்சு, அப்பா என்று எழுத்துக்கு வந்தார். இன்று அவன் தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறான். மெதுவாய்ப் படிக்கிற பிள்ளை என்று நாம் ஒதுக்கி வைக்கும் பிள்ளைகளிடம் என்னென்ன இருக்கிறது என்பதை ஐயா எனக்கும் என் சக ஆசிரியர்களுக்கும் காட்டினார்.

இ-சேவை மையத் தம்பிக்கு அடுத்த நன்றி. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு பிரிவுகளில் இருளரும் ஒன்று. உதவித்தொகை, விடுதி, உயர்கல்விச் சலுகை எல்லாம் ஏட்டில் இருக்கின்றன. ஆனால் அதற்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும், அதைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், அதற்கு முந்தைய தலைமுறைக்குச் சான்று இருக்கிறதா என்று கேட்பார்கள், பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். சூளையில் குடிசைக்குள் பிறந்த பிள்ளைக்கு யார் போய்ப் பதிந்தார்கள்? 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமே இல்லை. ஓராண்டு கடந்துவிட்டால் பெரிய அலைச்சல். தம்பி தன் கடையை மூடிவிட்டுப் பெற்றோரோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். விண்ணப்பத்துக்குக் கட்ட வேண்டியதைத் தவிர ஒரு ரூபாய் வாங்கவில்லை. சில பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வந்துவிட்டது, சிலருடையது நிலுவையில் இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகாமல் நிற்பதும் இங்கே வழக்கம். பஸ் பாஸ் இலவசம், ஆனால் பள்ளி நேரத்துக்குப் பஸ் இல்லை. மனு கொடுத்த சில வாரங்களில் காலை நேரப் பேருந்தின் நேரத்தை மாற்றிக்கொடுத்த போக்குவரத்துக் கழக அலுவலருக்கும், மாலையில் சவாரியை விட்டுவிட்டு வாசலில் வந்து நிற்கும் ஷேர் ஆட்டோ அண்ணனுக்கும் அந்தப் பிள்ளைகள் சார்பில் நன்றி.

பாட்டி இல்லாததால் தாய் தகப்பனோடு போக வேண்டியிருந்த பிள்ளைகளை நான் மறக்கவில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் அவர்கள் இருந்த சூளைக்குப் பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியர், மாற்றுச் சான்றிதழ் கொண்டுவா என்று திருப்பி அனுப்பாமல் அன்றே சேர்த்துக்கொண்டார். கல்வி உரிமைச் சட்டம் சொல்வதும் அதுதான். ஆனால் பருவம் நடுவில் வரும் பிள்ளையை முகம் சுளிக்காமல் வரவேற்கச் சட்டம் மட்டும் போதாது. அந்தப் பிள்ளைகளின் எமிஸ் எண்ணை, அதாவது அரசின் கல்விப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள எண்ணை, தன் பள்ளிக்கு மாற்றிக்கொண்டு, திரும்பும்போது என்ன பாடம் முடிந்தது என்று ஒரு தாளில் எழுதியும் அனுப்பினார். சார், உங்கள் கையெழுத்துள்ள அந்தத் தாள் எங்கள் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்தும் ஓரகடம் தொழிற்சாலைகளிலிருந்தும் மாதம் தவறாமல் பணம் அனுப்பிய இளைஞர்களே, நீங்கள் ஒரு போட்டோகூடக் கேட்கவில்லை. தட்டை ஏந்தி நிற்கும் பிள்ளையின் படம் எங்கும் போகக் கூடாது என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். நாளைக்கு வளர்ந்து நிற்கப்போகிற பிள்ளைகளின் மானத்தை இப்போதே நினைத்த உங்கள் மனசுக்கு நன்றி.

இருளர் குடியிருப்பு அம்மாக்களே, அப்பாக்களே, எல்லோரையும்விட அதிகம் கொடுத்தவர்கள் நீங்கள்தான். பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போய், ராத்திரி சூளைக் குடிசையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு "சாப்டியா, படிச்சியா" என்று கேட்ட உங்கள் குரலை நான் கேட்டிருக்கிறேன். எங்களை நம்பி விட்டுவிட்டுப் போனீர்கள். பாட்டிமாரே, கண் தெரியாவிட்டாலும் விடியலில் எழுந்து தலைவாரி அனுப்பினீர்கள். உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

ஐப்பசி முதல் ஞாயிறு மாலை சமுதாயக் கூடத்தில் மறுபடி கூடுவோம். மளிகைக் கடை நோட்டு இந்த முறை ஒருவர் தலையில் மட்டும் விழக் கூடாது, அதற்கு ஒரு பொது நிதி சேர்க்க வேண்டும். நிலுவையில் இருக்கும் சான்றிதழ்களுக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் போய்வர இரண்டு பேர் வேண்டும். சூளைக்குப் போன குடும்பங்களும் அதற்குள் ஊர் திரும்பியிருப்பார்கள், அவர்களும் வந்து பேசட்டும்.

நன்றியுடன்,
தலைமை ஆசிரியை,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி