பொருள்: ஹார்மோன்களைப் பிரிக்காத ஹார்மோன் பிரிப்பு கிட்

வணக்கம்.

மெல்லிய குழாயில் மின்னழுத்தம் கொடுத்துப் பொருள்களைப் பிரிக்கும் கேப்பிலரி எலெக்ட்ரோபோரசிஸ் கருவிக்காக உங்களிடம் வாங்கிய ஸ்டீராய்டு ஹார்மோன் கிட்டைப் பற்றி நான் எழுதும் இரண்டாவது கடிதம் இது. நான்கு ஹார்மோன்களும் பிரியாமல் ஒரே பீக்காக (வரைபடத்தில் ஒரே மேடாக) வருகின்றன என்று எழுதிய முதல் கடிதத்துக்கு நீங்கள் அனுப்பிய பதில் ஒரே வரி: வோல்டேஜைக் கூட்டிப் பாருங்கள். கூட்டினோம், 20 கிலோவோல்டிலிருந்து 30க்கு. அதே ஒற்றை பீக் சற்றுச் சீக்கிரம் வந்தது, அவ்வளவுதான்.

வேறு எப்படி வரும்? கார்டிசோல், கார்டிகோஸ்டீரோன், டெஸ்டோஸ்டீரோன், புரோஜெஸ்டீரோன் நான்குக்குமே மின்னேற்றம் கிடையாது. குழாயை நிரப்ப நீங்கள் கொடுத்ததோ வெறும் போரேட் பஃபர் கரைசல். குழாய்க்குள் ஓடும் திரவம் நான்கையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குகிறது. சந்தேகத்துக்கு, திரவத்தோடு மட்டுமே நகரும் மெத்தனாலையும் சேர்த்து ஓட்டினோம். அதன் தடமும் அதே இடத்தில்தான் விழுந்தது. மின்னேற்றம் இல்லாதவற்றை மைசெல்களை (சோப்பு மூலக்கூறுகள் கூடி உருவாகும் நுண் உருண்டைகளை) வைத்துப் பிரிக்கலாம் என்று ஜப்பானின் டெராபே குழுவினர் 1984லேயே காட்டிவிட்டார்கள். கிட் தயாரித்தவருக்கு இது தெரியாதா?

சரி என்று நாங்களே, மைசெல் உண்டாக்கும் சோப்புப் பொருளான எஸ்.டி.எஸ்.ஸை 50 மில்லிமோலார் கலந்தோம். கார்டிசோல் முன்னால் வந்துவிட்டது. டெஸ்டோஸ்டீரோனும் புரோஜெஸ்டீரோனும் தண்ணீரில் ஒட்டாத ஜாதி. மைசெல்லுக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டு, கடைசியில், மைசெல்லை விட்டு வெளியே வராத சூடான் III சாயத்தை ஒட்டியே வந்தன. ஹார்மோனைத் தன் குழிக்குள் பிடிக்கும் சர்க்கரை வளையமான காமா சைக்ளோடெக்ஸ்ட்ரின் சேர்த்த பிறகுதான் நான்கு பீக்கும் தனித்தனியாக நின்றன. இதற்கு மூன்று வாரம் போனது. இந்த வேலையை மிச்சப்படுத்தத்தானே கிட் வாங்கினோம்!

அப்புறம், பீக்கைக் கண்டறியும் ஒளியின் அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்கும் ஃபில்டர். நீங்கள் அனுப்பியது 280 நானோமீட்டர். அது எஸ்ட்ராடியோலுக்குச் சரி. இந்த நான்கும் ஒளியை நன்றாக உறிஞ்சுவது 240ஐ ஒட்டி. உங்கள் ஃபில்டரில் பீக் இல்லாத பேஸ்லைன் மட்டுமே தெரிந்தது. கைவசம் வேறொன்று இருந்ததால் தப்பித்தோம். 50 மைக்ரோமீட்டர் குழாயில் ஒளி கடக்கும் தூரமே அவ்வளவுதான். இருக்கிற கொஞ்சம் சிக்னலையும் தவறான அலைநீளத்தில் தொலைக்க முடியுமா?

கேப்பிலரிகளில் குறை இல்லை, ஒளி புகும் ஜன்னலுக்காக மேல்பூச்சும் சுத்தமாக எரிக்கப்பட்டிருந்தது. அவற்றின் விலையைக் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தைத் திருப்பித் தாருங்கள். பஃபரை மாற்றும்வரை "நான்கு ஹார்மோன்களையும் பிரிக்கும்" என்ற வரியை விளக்கத்தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்த முறை ஓட்டிப் பார்த்த ஒருவர் பதில் எழுதட்டும். எங்கள் எலெக்ட்ரோபெரோகிராம்களை (பீக்குகளைக் காட்டும் வரைபடங்களை) இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்