தேன்மொழிக்கு: அந்த மலான்கா அழைப்பு பற்றி

அன்புள்ள தேன்மொழி,

கனடாவின் வின்னிபெக்கில் உன்னோடு வேலை பார்க்கும் உக்ரைன் வம்சாவளி அம்மா உன்னை மலான்கா, அதாவது உக்ரைனியர்களின் புத்தாண்டுக்கு முந்தின இரவுக் கொண்டாட்ட விருந்துக்குக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னாய். அழைப்பிதழில் ஹால், சாப்பாடு, பேண்டு, டான்ஸ், நள்ளிரவு வாழ்த்து என்றுதான் இருக்கிறது, இதில் நாட்டுப்புறக் கலை எங்கே இருக்கிறது அண்ணா என்று கேட்டாய். உக்ரைனின் செர்னிவ்ட்சியில் மருத்துவம் படித்தவன் என்பதால் என்னைக் கேட்டது சரி. ஆனால் போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. இதே மாதிரி அழைப்பு வந்து யோசித்துக்கொண்டிருக்கும் வேறு யாருக்காவது உதவட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

உக்ரைனின் அந்தப் பக்கத்து ஊர்களில் மலான்காவுக்கு யாரும் கிளம்பிப் போக வேண்டியதில்லை. அதுவே வீட்டு வாசலுக்கு வந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி ஜனவரி 13 இரவுதான் வருஷத்தின் கடைசி இரவு. அது புனித மெலானியாவின் நாள், மறுநாள் புனித வசீலின் நாள். அன்று இருட்டியதும் இளவட்டங்கள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். கூட்டத்தின் நாயகி மலான்கா, பெண் உடை போட்ட ஒரு பையன். வீட்டுக்குள் வந்ததும் ‘அவள்’ வேலை செய்ய ஆரம்பிப்பாள். எல்லாமே தலைகீழ் வேலை. வாசலில் கிடக்கும் குப்பையை நடுவீட்டுக்குக் கூட்டுவாள், உட்காரும் பெஞ்சுக்குக் களிமண் பூசுவாள். வீட்டுக்காரம்மா கத்திக்கொண்டே சிரிப்பார். கூடவே கிழவன், கிழவி, டாக்டர், பிசாசு, சாவு, ஓர் ஆடு என்று வேஷங்கள். ஆடு ஆடிக்கொண்டிருக்கும்போதே செத்து விழும், பிறகு உயிர்த்தெழும். அது கால் வைத்த இடத்தில் தானியம் விளையும் என்பது நம்பிக்கை. மறுநாள் விடிகாலையில் பையன்கள் வந்து வீட்டுக்குள் கோதுமை தூவி வாழ்த்துவார்கள்.

செர்னிவ்ட்சியைச் சுற்றியுள்ள புகோவினா பகுதியில் ருமேனிய எல்லையை ஒட்டி க்ராஸ்னோயில்ஸ்க் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊரில் பெரும்பாலோர் பேசுவது ருமேனிய மொழி. மலான்காவை ஒரே இனத்தின் சொத்தாகப் பேசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர்தான் ஞாபகம் வரும். அங்கே கரடி வேஷம்தான் எல்லாமே. வைக்கோலை நீளநீளப் பிரியாகத் திரித்து, பையனை நிற்க வைத்து, அவன் மேல் சுற்றிச் சுற்றிக் கட்டுவார்கள். கட்டி முடித்தால் ஆள் தெரியாது, நடமாடும் வைக்கோல்போர்தான். கையை மடக்க முடியாது, விழுந்தால் தானாக எழுந்திருக்க முடியாது. அதனால் ஒவ்வொரு கரடியோடும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நடப்பார்கள். நான் பார்த்த ஒரு கரடி எங்கள் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கியது. உள்ளே வேர்த்துக் கொட்டி, கழுத்துப் பக்கத்து வைக்கோல் இடுக்கிலிருந்து ஆவி வெளியே வந்துகொண்டிருந்தது. வெளியே கொட்டுகிற பனி. ஒரு பாட்டி வந்து அந்த இடுக்கில் கையை விட்டு, ஒரு துண்டுத் தோசை மாதிரி எதையோ அவன் வாயில் ஊட்டிவிட்டுப் போனார். அவருடைய பேரனா, யார் வீட்டுப் பிள்ளையோ தெரியாது. ஊரின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கூட்டம் உண்டு. விடிய விடிய வீடுகளைச் சுற்றிவிட்டு மறுநாள்தான் ஊர் நடுவில் எல்லாரும் சேர்வார்கள்.

அதே புகோவினாவில் வாஷ்கிவ்ட்சி என்ற ஊரின் மலான்காவும் பேர் போனது. முடிவில் வேஷக்காரர்கள் குளிர்ந்த ஆற்றுத் தண்ணீரில் இறங்கி மல்லுக்கட்டுவார்கள்.

சரி, இது எப்படி உன் ஊரில் ஹாலுக்குள் போனது? 1891இலிருந்து கனடாவுக்கு வந்த உக்ரைனியர்களில் பெரும்பாலோர் இன்றைய மேற்கு உக்ரைன் பக்கத்து கலீசியா, புகோவினா பகுதி விவசாயிகள். அரசாங்கம் குடும்பத்துக்கு 160 ஏக்கர் நிலம் கொடுத்தது. கிராமத்தில் ஒட்டி ஒட்டி இருந்த வீடுகள் அங்கே கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டன. மைனஸ் முப்பதில் ஆட்டையும் கரடியையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாக நடப்பது எப்படி? எல்லாரும் ஓரிடத்தில் கூட ஹால் கட்டினார்கள். மலான்கா வாசலை விட்டு மேடை ஏறியதற்கு இதுவும் பெரிய காரணம் என்றே எனக்குப் படுகிறது. அதனால் அந்த ஹாலைக் குறைவாக நினைக்காதே.

இன்னொரு காரணமும் உண்டு. சொந்த மண்ணில் சோவியத் ஆட்சி இந்த வழக்கங்களைச் சந்தேகத்தோடு பார்த்தது. 1972 ஜனவரியில் ல்விவ் நகரத்தில் சில எழுத்தாளர்களும் கலைஞர்களும் வெர்டெப் என்ற கிறிஸ்து பிறப்பு நாடக வேஷம் கட்டி, வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி, அரசியல் கைதிகளின் குடும்பங்களுக்குப் பணம் திரட்டினார்கள். ஜனவரி 12ஆம் தேதி கைதுகள் தொடங்கின. கவிஞர் வசீல் ஸ்தூஸ், பத்திரிகையாளர் வியாச்செஸ்லாவ் சொர்னோவில் இருவரும் அந்த அலையில் பிடிபட்டவர்கள். ஸ்தூஸ் 1985இல் முகாமிலேயே இறந்துபோனார். வாசலில் நின்று பாடுவதே ஆபத்தாக இருந்த அந்தக் காலத்தில், பாட்டையும் வேஷத்தையும் பயமில்லாமல் வைத்திருந்தவை உன் ஊரில் இருப்பது போன்ற ஹால்கள்தான்.

வாசலை விட்டுப் போனால் என்ன தொலையும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. ‘ஷ்செட்ரிக்’ பாட்டு உனக்குத் தெரியும், டிசம்பரில் எல்லா மாலிலும் போடுவார்களே, அந்த மெட்டுதான். இசையமைப்பாளர் மிகோலா லியொந்தோவிச் நாட்டுப்புற மெட்டை எடுத்துக் குழுப்பாடலாக அமைத்தது. 1916இல் கீவில் மேடையேறியது. ஒரு சிட்டுக்குருவி போன்ற தகைவிலான் பறந்து வந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தொழுவத்தில் ஆடு குட்டி போட்டிருக்கிறது வந்து பார் என்று சொல்கிற பாட்டு. புத்தாண்டுக்கு வாசலில் நின்று பாடுவது. பாடகர் குழு நடத்துநர் ஒலெக்சாண்டர் கோஷிட்ஸ் தன் குழுவோடு 1919இல் ஐரோப்பாவுக்கும், 1922 அக்டோபரில் நியூயார்க் கார்னகி ஹாலுக்கும் அதைக் கொண்டுபோனார். அதற்குள் லியொந்தோவிச்சை சோவியத் ரகசியப் போலீஸின் ஆள் சுட்டுக் கொன்றுவிட்டான், 1921 ஜனவரியில். 1936இல் அமெரிக்காவில் மணியோசை பற்றிய ஆங்கில வரிகள் அந்த மெட்டில் ஏறின. பறவையும் இல்லை, ஆட்டுக்குட்டியும் இல்லை, கூப்பிடப்படும் வீட்டுக்காரரும் இல்லை. மெட்டு உலகம் சுற்றியதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த வீட்டுக்காரர் காணாமல் போனது எனக்கு வலிக்கிறது. கோஷிட்ஸ் 1944இல் இறந்தது உன் வின்னிபெக்கில்தான்.

எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய மலான்காவில் யூதர், ஜிப்சி என்று கேலி வேஷங்களும் உண்டு. அந்த மக்கள் அங்கே பட்ட பாட்டைத் தெரிந்த பிறகு அதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு முடியாது. அவற்றை விட்டுவிட்டு ஆட்டையும் கரடியையும் மட்டும் மேடையேற்றுகிறவர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள்.

தேதியிலும் இப்போது குழப்பம் உண்டு. 2023 செப்டம்பரில் உக்ரைனின் ஆர்த்தடாக்ஸ் சபையும் கிரேக்க கத்தோலிக்க சபையும் புது நாட்காட்டிக்கு மாறின. அதன்படி மலான்கா டிசம்பர் 31. பல ஊர்களில் இன்னும் ஜனவரி 13ஐ விடவில்லை. உன்னுடைய அழைப்பில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்.

போய்விட்டு வா. நன்றாகச் சாப்பிடு, டான்ஸ் ஆடு. நடுவில் ஒரு சின்ன நாடகம் போடுவார்கள், ஆடு செத்து எழும், அப்போது செல்போனை உள்ளே வைத்துவிட்டுப் பார். 2022க்குப் பிறகு போரினால் கனடாவுக்கு வந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். புகோவினாக்காரர் யாராவது உன் மேஜையில் இருந்தால், அவர்கள் ஊர்க் கூட்டத்தில் என்ன வேஷம் கட்டுவார்கள் என்று கேள். கேட்க ஆள் கிடைத்தால் விடாமல் சொல்வார்கள்.

அப்புறம் அந்த அம்மாவிடம் ஒன்று சொல். பாட்டுக்குழு யாராவது வீடு வீடாகப் போவதாக இருந்தால், உன் வீட்டையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளச் சொல். நீ அந்த மதமும் இல்லை, மொழியும் தெரியாது என்று தயங்காதே. இப்போது பல குழுக்கள் பாடித் திரட்டும் பணத்தைப் போரில் அடிபட்டவர்களுக்கும் படைவீரர்களுக்கும் அனுப்புகின்றன, அதனால் கொஞ்சம் ரொக்கம் எடுத்து வை. குழந்தைகளுக்கு மிட்டாய் வை. வாசல் விளக்கைப் போட்டு வை. கோதுமை தூவினால் அன்றைக்கே கூட்டிவிடாதே, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்