வடக்கு ரயில் உரிமம்: பிரிட்டன் போக்குவரத்துத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தனியார் ரயில் நிறுவனங்களை ஒவ்வொன்றாக அரசே ஏற்று வரும் இவ்வேளையில், வட இங்கிலாந்தின் வட்டார ரயில்களை அரசு ஒப்பந்தத்தின்படி இயக்கும் உரிமம் கைமாறிய வரலாற்றை நீங்கள் மறுபடியும் எடுத்துப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2004 டிசம்பரில் செர்கோ, நெட்ரெயில்வேஸ் என்ற இரு நிறுவனங்கள் கூட்டாக அந்த உரிமத்தைப் பெற்றபோது, பயணிகள் எண்ணிக்கை பெருகப்போவதில்லை என்ற அனுமானத்தின் மீதுதான் ஒப்பந்தமே எழுதப்பட்டது. பயணிகள் பெருகினார்கள், அதற்கு ஈடாகப் பெட்டிகள் வரவில்லை. 1980களில் பேருந்துப் பாகங்களைக் கொண்டு கட்டப்பட்ட 'பேசர்' வண்டிகளே தொடர்ந்து ஓடின. ஒரு பெட்டிக்கு இரண்டே அச்சுகள் என்பதால், வளைவுகளில் சக்கரம் கிறீச்சிடும். தண்டவாள இணைப்பு ஒவ்வொன்றிலும் இருக்கை தூக்கிப் போடும். அதில் நின்றுகொண்டே வேலைக்குப் போனவர்கள்தான் அந்த அனுமானத்தின் விலையைக் கொடுத்தார்கள்.

அவ்வண்டிகளை மாற்றுவது செலவுக்கேற்ற பலன் தராது என்று 2015இல் உங்கள் துறைச் செயலாளரே அறிவுறுத்தியதையும், அன்றைய அமைச்சர் பேட்ரிக் மெக்லாக்லின் எழுத்துபூர்வமாக ஆணையிட்டு அதை மீறியதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். பழைய அனுமானத்தை ஒருவர் துணிந்து மறுத்ததால்தான் புதிய வண்டிகள் ஒப்பந்தத்தில் இடம்பெற்றன. அதற்காக அவரை இன்றும் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் 2016 ஏப்ரல் 1 அன்று அரைவா நிறுவனம் பொறுப்பேற்ற புதிய ஒப்பந்தம் வேறோர் அனுமானத்தைச் சுமந்து வந்தது: பாதைகளை மின்மயமாக்கும் பணி குறித்த காலத்தில் முடிந்துவிடும் என்பது அது. பாதைப் பணி அரைவாவின் கையில் இல்லை. மான்செஸ்டர் அருகேயுள்ள போல்டன் வழித்தடத்தில் அப்பணி முடியாத நிலையில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த கால அட்டவணை குலைந்தது. ஜூனில் நாளொன்றுக்கு 165 ரயில்கள் நிறுத்தப்பட்டன. விண்டர்மியர் கிளைப்பாதையில் இரண்டு வாரம் பேருந்துகளே ஓடின. 2019க்குள் ஒழியும் என்று உறுதியளிக்கப்பட்ட பேசர்களும் 2020 வரை ஓடின. அந்த ஆண்டு மார்ச் 1 அன்று சேவையை அரசு ஏற்றுக்கொண்டது.

உரிமையாளர் மாறினாலும் ஒப்பந்தம் எழுதும் கை உங்களுடையதே. ஆகவே, இனிச் செய்யும் ஒவ்வொரு சேவை ஒப்பந்தத்திலும், பயணிகள் எவ்வளவு பெருகுவார்கள் என்று கணக்கிட்டீர்கள், எந்தப் பாதைப் பணி எப்போது முடியும் என்று நம்பினீர்கள் என்ற இரண்டையும், கையெழுத்திடும் முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடுங்கள். கணக்கு பிசகினால் இடையிலேயே பெட்டிகளைக் கூட்ட வழிசெய்யும் விதியொன்றையும் அதில் சேருங்கள்.

இங்ஙனம்,
வட இங்கிலாந்தில் வாழும் ஒரு ரயில் பயணி