வேடந்தாங்கல் ஏரிக்கரையில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

வேடந்தாங்கல் ஊர்ப் பெரியோர்களுக்கும், பறவைகள் சரணாலயத்தின் காவலர்களுக்கும், கடந்த சனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எங்களோடு ஏரிக்கரையில் நடந்த, பெயர் கேட்டுக்கொள்ளத் தவறிய அன்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எட்டு மாதங்களாக மருத்துவமனையைத் தவிர வேறெங்கும் போகாதிருந்த 74 வயது அப்பாவையும், ஓரிடத்தில் நிற்காத ஆறு வயது மகளையும் ஒருசேர அழைத்துச் செல்ல, படியும் ஏற்றமும் இல்லாத ஓர் இடம் எங்களுக்குத் தேவைப்பட்டது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். படாளம் கூட்டுச் சாலையில் திரும்பினால் ஏரி. மரநிழலோடு நீளும் அந்தக் கரைப் பாதை சமதளமாக இருப்பதால் சக்கர நாற்காலிக்கு எந்தச் சிரமமும் இராது என்று நம்பித்தான் புறப்பட்டோம்.

பாதை ஏமாற்றவில்லை, நாற்காலிதான் ஏமாற்றியது. வண்டியிலிருந்து இறக்கும்போதே முன்சக்கரத்தின் திருகாணி எங்கோ கழன்று விழுந்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று அப்பாவே சொல்லிவிட்ட நிலையில், நுழைவுச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தவர் ஊருக்குள் சைக்கிள் பழுது பார்க்கும் பெரியவருக்குச் சொல்லியனுப்பினார். அவர் ஒரு பழைய சைக்கிள் திருகாணியை அரத்தால் தேய்த்துப் பொருத்தி, நாற்காலியில் தாமே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் ஒப்படைத்தார். பணத்தை நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டார். ஐயா, அந்தத் திருகாணி இன்றும் உறுதியாக இருக்கிறது.

கரையில் நின்றிருந்த வனக் காவலருக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும் கடன்பட்டிருக்கிறோம். நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கிளைக்குக் கிளை கூடுகள் இருப்பதைக் கண்ட மகிழ்ச்சியில் எங்கள் மகள் கைதட்டிக் கூவிவிட்டாள். அவர் அதட்டாமல் குந்தி அமர்ந்து, நத்தைகுத்தி நாரை ஒன்று சிறகுகளைக் குடைபோல விரித்து நின்றதைச் சுட்டிக் காட்டினார். "அது குஞ்சுக்கு நெழல் குடுத்துட்டு நிக்குதும்மா. நீ கத்துனா பறந்துடும். குஞ்சு வெயில்ல காயும், காக்கா வேற பாத்துக்கிட்டே இருக்குது," என்றார். அதன்பின் அவள் எங்கள் காதருகே வந்துதான் பேசினாள். வீட்டில் இரண்டு நாள் வரை அப்படியே பேசினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த நாரையின் இரு அலகுகளும் மூடிய பின்னும் இடையில் சந்து தெரிவது ஏன் என்று அவள் கேட்டபோது விடை சொன்னவர், முக்காலியில் தொலைநோக்கி வைத்திருந்த ஓர் இளைஞர். வழுக்கும் நத்தையைப் பிடித்துக் கையாள அந்த அமைப்பு உதவுகிறது என்று விளக்கியவர், கேட்காமலேயே முக்காலியின் கால்களைச் சுருக்கி, நாற்காலியில் இருந்த அப்பாவின் கண்மட்டத்துக்குத் தொலைநோக்கியைத் தாழ்த்தினார். கூழைக்கடாக் குஞ்சு தன் தலை முழுவதையும் தாயின் தொண்டைப் பைக்குள் நுழைத்து இரை தின்பதை அப்பா கால்மணி நேரம் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற ஐந்தாறு பேர் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அவர்களுக்கும் எங்கள் நன்றி உரியது.

உண்மையில் அப்பா முதலில் தேடியது பறவையை அன்று, மதகை. அவருடைய தந்தை தம் ஊர் ஏரியில் நீர்க்கட்டியாக, அதாவது மதகைத் திறந்து மூடி வயல்களுக்கு நீர் பங்கிடுபவராக, இருந்தவர். புல்லுக்கட்டோடு கரைமேல் வந்த விவசாயி ஒருவர் அப்பாவின் கேள்விகளுக்கெல்லாம் கட்டைக் கீழே இறக்கி வைத்துவிட்டு விடை சொன்னார். பறவைகளின் எச்சம் விழுந்து உரமேறிய நீர் ஆயக்கட்டுக்கு, அதாவது ஏரிப் பாசன வயல்களுக்கு, பாய்வதால் யூரியாச் செலவு குறைகிறது என்பதும், மரத்தடியில் நீர் இருக்கும்வரைதான் கூடுகளை நாய், நரி அண்டாது என்பதால் ஏரி வற்றுவது பயிருக்கும் பறவைக்கும் ஒரே கேடு என்பதும் அவர் வாயிலாகத்தான் எங்களுக்கு விளங்கின. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள் என்றும், 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு எழுதிக் கொடுத்தார் என்றும் நாங்கள் படித்திருந்தோம். 2022-இல் இந்த ஏரி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததையும் அறிவோம். சுமார் 30 ஹெக்டேர் ஏரியை இத்தனை தலைமுறை காத்தது பட்டியலா, மதகடியில் நிற்கும் இவரைப் போன்றவர்களா என்று கேட்டால், நாங்கள் தயங்காமல் இவர் பக்கமே நிற்போம். உங்கள் ஊரார் அனைவருக்கும் நாங்கள் நன்றி சொல்வது இதற்காகவே.

வாயிலருகே மோர் விற்ற அம்மாவுக்கும் நன்றி. அப்பா மருந்து விழுங்க வெந்நீர் கேட்டபோது, அடுப்பைப் பற்றவைத்துக் காய்ச்சிக் கொடுத்தீர்கள்.

கடைசியாக, தொலைநோக்கி வைத்திருந்த தம்பிக்கு ஒரு செய்தி. உங்கள் கண்ணாடியின் மூடி அப்பாவின் சால்வை மடிப்பில் எங்கள் வீடுவரை வந்துவிட்டது. மறுவாரம் அதை எடுத்துச் சென்று நுழைவுச் சீட்டுத் தருபவரிடம் ஒப்படைத்திருக்கிறோம். உங்களைத் தேட வேறு வழி தெரியாததால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுத நேர்ந்தது. அடுத்த முறை வரும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
சக்கர நாற்காலியோடு வந்த சென்னைக் குடும்பத்தார்