வெர்ஜினாவில் எடுத்த படம்

அன்புள்ள செல்வத்துக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கால்வலி குறைந்திருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

கிரீஸில் வெர்ஜினா போனாயாமே. நீ அனுப்பிய படத்தைப் பாப்பா காட்டினாள். பதினாறு கதிர் விண்மீன் பொறித்த தங்கப் பேழை, பிலிப் மன்னனுடையது என்கிறார்கள். என் மடியில் படுத்துக் கேட்ட கதையை நேரிலேயே பார்த்துவிட்டாய், பெருமையாக இருக்கிறது. எனக்கும் ஒரு படம் அனுப்பியிருக்கலாம். எட்டு மாதம் ஆகிறது, தம்பி.

பிலிப்பின் அந்தக் கதையை நான் எப்போதும் கைரோனியாப் போரோடு நிறுத்திவிடுவேன். கி.மு. 359இல் அண்டை நாட்டு இல்லிரியர்களிடம் அரசனையும் 4,000 வீரர்களையும் பறிகொடுத்த மாசிடோனியா, தெற்கே இருந்த கிரேக்கர்கள் காட்டுமிராண்டி நாடு என்று இகழ்ந்த வடக்கு மூலை. தீப்ஸில் பணயக்கைதியாக வளர்ந்த பிலிப் அதன் ஆட்சியை ஏற்றான். குடியானவன் கையில் 15 அடிக்கும் நீண்ட சரிசா ஈட்டியைக் கொடுத்துப் பழக்கினான். பாங்கையான் மலைத் தங்கம் ஆண்டுக்கு ஆயிரம் தாலந்து (அந்தக் காலப் பண அளவு) கொடுத்தது. கி.மு. 338இல் கைரோனியாவில் ஏதென்ஸும் தீப்ஸும் சேர்ந்து வந்தும் தோற்றன. பிலிப்பின் இடப்பக்கப் படையை நடத்தியவன் 18 வயது மகன் அலெக்சாந்தர்.

அடுத்த ஆண்டு நடந்ததை உனக்குச் சொன்னதே இல்லை. பிலிப்பின் புதுக் கல்யாண விருந்தில் பெண்வீட்டுப் பெரியவர் அலெக்சாந்தரை இழிவாகப் பேசினார். மகன் கோப்பையை வீசினான். தகப்பனோ மகன் மீதே வாளை உருவிப் பாய்ந்து, குடிமயக்கத்தில் இடறி விழுந்தான். மகன் இல்லிரியாவுக்கே போய்விட்டான். பிறகு கொரிந்திலிருந்து குடும்ப நண்பர் திமராத்தஸ் வந்தபோது, கிரேக்கர்கள் ஒற்றுமையாக இருக்கிறார்களா என்று பிலிப் விசாரித்தானாம். சொந்த வீட்டைச் சண்டையால் நிரப்பிவிட்டு இதைக் கேட்கிறாயே என்று அவர் சொன்ன பிறகுதான் மகனை அழைத்துவரச் செய்தான். கி.மு. 336இல் பிலிப் தன் மகள் கல்யாணத்திலேயே குத்துப்பட்டு இறந்தான். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்திருக்கக் கிடைத்தது கொஞ்ச நாள்தான்.

மண்டபத்தில் சம்பந்தி வீட்டுப் பெரியவர் உன்னைச் சொன்னது தப்பு. அந்த நிமிடமே எனக்குத் தெரியும். பாப்பாவின் கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்து உன்மேல் கை ஓங்கினேன். நான் குடித்தும் இருக்கவில்லை. நீயும் ஊருக்குப் போகும்போது சொல்லிக்கொண்டு போயிருக்கலாம். இல்லை, நான்தான் விமான நிலையத்துக்கு வந்திருக்க வேண்டும்.

அத்தையைப் பேசச் சொல்லலாமா என்று நினைத்தேன். வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு பேசும்போது போனை நானே வாங்குவேன். வைத்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா