பாளையங்கால்வாயும் ஒரு கேன் பழைய ஆயிலும்

ஏல மக்கா,

ஆனித் தேருக்கு வாரேன்னுட்டு வராதவன் நீ, நாலு மாசமா ஒரு வரி எழுதாதவன் நான், ரெண்டுக்கும் சரியாப் போச்சு. அம்மா நல்லாருக்காவ. டிரில் வாத்தியார டவுன்ல பாத்தேன், அதே விசில், அதே சைக்கிள்.

இப்ப எழுதுத காரியம் வேற. போன வாரம் எட்டாம் கிளாஸ்ல தண்ணி மாசு பாடம். ஒரு டப்புல தண்ணி ரொப்பி பழைய இஞ்சின் ஆயில் ஒரே ஒரு சொட்டு விட்டேன், பிள்ளைய கண்ணு முன்னாலயே கலர் கலரா ஓரம் வரைக்கும் பரவிட்டு. ஒரு காக்கா ரெக்கைய அதுல முக்கி எடுத்தேன், ஒட்டிக்கிட்டு விரியவே மாட்டேங்கு. தண்ணி மேல படலமா நின்னா காத்து உள்ள போகாது, மீனு எப்படிடே மூச்சு விடும்னேன். பழைய ஆயில் ஒரு லிட்டரு, 10 லட்சம் லிட்டர் நல்ல தண்ணியக் கெடுக்கும்னு அமெரிக்காவுல சுற்றுச்சூழலப் பாக்குத அரசாங்க அமைப்பு ஈ.பி.ஏ. சொல்லுத கணக்கயும் போர்டுல எழுதிப் போட்டேன்.

கடைசி பெஞ்சுல ஒரு பய, அவங்கப்பா பாளையங்கால்வாய்க் கரையில பைக் ஒர்க்ஷாப் வச்சிருக்காரு. "சார், எங்கப்பா ஒரு நாளைக்கு நாலு வண்டிக்கு ஆயில் மாத்துவாவ, வண்டிக்கு ஒரு லிட்டரு"ன்னு எந்திரிச்சு அவனே பெருக்க ஆரம்பிச்சான், 40 லட்சம் லிட்டர் தண்ணின்னு சொன்னவன் அப்படியே தலையக் குனிஞ்சு உக்காந்துட்டான் மக்கா. மறுநா ஸ்கூலுக்கு வரல. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல, அந்தப் பயல நாந்தான் எல்லார் முன்னாலயும் நோகடிச்சிட்டனோன்னு.

சாயங்காலம் ஒர்க்ஷாப்புக்கே போனேன். அந்த மனுசன் சண்டைக்கு வரல, டீ வாங்கிக் குடுத்தாரு. கேன் ரொம்புனா சென்ட்ரிங் பலகைக்குத் தடவ ஆள் வந்து வாங்கிட்டுப் போவானாம், மிச்சம், பார்ட்ஸ் கழுவுன மண்ணெண்ணெய் எல்லாம் ஓடைக்கு. ஓடை கால்வாய்க்கு, கால்வாய்த் தண்ணி வயலுக்கு. "எங்க குடுக்கணும்னு எவனாவது சொன்னாத்தான சார்"ங்காரு, ஞாயமான கேள்விதான?

ஆயில் தேஞ்சு போறதில்ல, அழுக்காத்தான் ஆகுது. சுத்திகரிச்சா திரும்ப ஆயிலாவே ஆக்கலாம், ஆனா மண்ணெண்ணெயும் தண்ணியும் கலந்துட்டா அந்த வேல கஷ்டம். 2016 ரூல்ஸ்படி இது அபாயக் கழிவு, லைசென்ஸ் உள்ள ரீசைக்கிளருக்குத்தான் போகணும். 2024 ஏப்ரல்ல இருந்து, பழைய ஆயில ரீசைக்கிள் பண்ண வைக்கிறதுல ஆயில் விக்கிற கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. இதெல்லாம் அவருகிட்ட சொன்னேன், தனியா ரெண்டு கேன் வைக்கேன்னுட்டாரு. பயலும் திங்கக்கிழம வந்துட்டான்.

நீ சர்வீஸ் சென்டர்லதான இருக்க, அங்க பழைய ஆயில் எடுக்க வார வண்டிக்காரன்ட்ட கேளு, சின்ன ஒர்க்ஷாப் அஞ்சாறு சேந்து ஒரு பேரல் வச்சா நம்ம பக்கம் வருவானா, எவ்வளவு இருந்தா வருவான்னு. சீக்கிரம் கேளுல, கார்த்திகை மழ வேற ஊத்துது, ஓடையில எது கெடந்தாலும் ஒரே நாள்ல கால்வாய்க்குப் போயிரும்.

அன்னைக்குப் பாடம் முடியுதப்ப ஒரு பிள்ள, "சார், இந்த டப்புத் தண்ணிய எங்க ஊத்துவிய?"ன்னு கேட்டா. இன்னும் லேபுலதான் கேன்ல மூடி வச்சிருக்கேன். தெனமும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போறா.

மதினியக் கேட்டேன்னு சொல்லு.